மஞ்சள் இறங்கிய மரம்

மார்ச் 7, வெள்ளி

போன வாரம் திருப்பூரிலிருந்து திரும்பி வந்தேன். பனியன் கம்பெனியில் ஆள் குறைப்பு. குறைப்பு என்பது அவர்கள் சொல், துரத்தினார்கள் என்பது என் சொல். வந்ததிலிருந்து யாரோடு பேசினாலும் சண்டையாகிறது. அதனால் எழுதுகிறேன்.

காலையில் தண்ணீர் லாரி வந்தது. எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத்தான். குடிக்கிற தண்ணீரைக் காசு கொடுத்துக் குடம் குடமாக வாங்க வேண்டும். கடற்கரையில் ரிசார்ட் கட்டுகிறவனுக்குக் குழாய் போகிறது, எங்களுக்கு லாரி வருகிறது. அம்மா வரிசையில் நின்று நாலு குடம் பிடித்தாள். மூன்று குடம் வீட்டுக்கு. நாலாவதில் மஞ்சளைக் கரைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள்.

அங்கே அப்பாவின் வத்தை கிடக்கிறது. பாய் விரித்து ஓடும் ஒடுக்கமான மரப்படகு. மூன்று பேர் போகலாம். எஞ்சின் கிடையாது. அம்மா அதற்கு மேல் பனையோலைக் கூரை போட்டிருக்கிறாள். வருஷா வருஷம் ஓலை மாற்றுகிறாள். எங்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, வத்தையின் கூரை ஒழுகாது.

அப்பா காணாமல் போய் மூன்று வருஷம். செல்லச்சாமியின் விசைப்படகில் கூலிக்குப் போனவர் திரும்பவில்லை. கால் வழுக்கி விழுந்தார் என்றார்கள். உடல் கிடைக்கவில்லை. கரையோரம் முழுக்க இழுவலை போட்டு வத்தைக்கு மீனே இல்லாமல் செய்தவை அந்த விசைப்படகுகள்தான். அதிலேயே வத்தைக்காரன் கூலிக்குப் போனான். இதை ஊர்க்கூட்டத்தில் சொன்னால் என்னைப் படித்த திமிர் பிடித்தவன் என்பார்கள்.

அம்மா வத்தையின் அணியத்தில், அதாவது முன்மூக்கில், குங்குமம் வைத்தாள். குடத்துத் தண்ணீரை அதன் தலையில் மெதுவாக ஊற்றினாள். "குளுந்து கெட" என்றாள்.

"காசு குடுத்து வாங்குன தண்ணிய ஏன் ஆத்தா மரத்துல ஊத்துற?"

"காய்ஞ்சா பொளந்துரும்டா. வந்து கேப்பாரு."

"பொளக்கக் கூடாதுன்னா கடத் தண்ணிய மோந்து ஊத்து. அது சும்மாதான கெடக்கு."

அவள் குடத்தைக் கூரையின் கால் ஓரமாகக் கவிழ்த்து வைத்தாள். அப்பா போனதிலிருந்து அவள் கடல் தண்ணீரைத் தொடுவதில்லை. கடலுக்குள் ஒரு கால் வைத்ததில்லை. நண்டு கம்பெனியில் உட்கார்ந்து சதை எடுக்கும் வேலைக்குப் போகிறாள். கடற்கரை வழியாகப் போனால் பக்கம். ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகிறாள்.

மாலை செல்லச்சாமி ஆள் அனுப்பியிருந்தார். தடைக்காலம் முடிந்ததும் அவர் படகில் எனக்கு இடம் இருக்கிறதாம். அவர்தான் ஊர்த்தலைவர். யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். யோசிக்க ஒன்றும் இல்லை. வேறு வேலை இந்த ஊரில் கிடையாது.

மார்ச் 8, சனி

யோசித்தேன்.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி தடைக்காலம் தொடங்கும். இரண்டு மாதம் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. வத்தைக்குத் தடை இல்லை. அந்த இரண்டு மாதம் கரையோரம் நண்டும் இறாலும் தைரியமாக மேயும், சின்னப் படகுக்காரன் சோறு தின்பான். அதற்குள் வத்தையைத் தண்ணீரில் இறக்கிவிட்டால் செல்லச்சாமியின் படியில் ஏற வேண்டியதில்லை. இறக்காவிட்டால் அப்பா வழுக்கி விழுந்த அதே பலகையில் நானும் நிற்பேன்.

அம்மாவிடம் சொன்னேன். நகத்துக்குள் ஏறிய நண்டு ஓட்டுத் துணுக்கைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு வர்றவரைக்கும் கெடக்கட்டும்னு இருந்தேன்" என்றாள். துணுக்கைச் சுண்டிவிட்டு, "எறக்கு. படகுல போறதுக்கு இது மேலு" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

ரிஸ்வான் வந்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன். தொண்டியில் ஃபைபர் படகு செய்யும் பட்டறையில் இருக்கிறான், கதவு ஜன்னலும் செய்வான். நோன்பு மாதம், பட்டறையில் வேலை குறைவாம். வத்தையைச் சுற்றி வந்து தொப்பையைத் தடவிக்கொண்டான்.

"மாப்ள, இத மியூசியத்துல வைய்யி. ஃபைபர்ல ஒன்னு போட்டுத் தர்றேன். எடை கம்மி, வேல கம்மி."

"வாங்க வக்கு இருந்தா உன்ன எதுக்குடா கூப்புடுறேன்?"

"அதான பாத்தேன். நோன்பு தொறக்கப் பிரியாணி உண்டுல்ல?"

"ரசம் உண்டு."

"ஆரம்பமே இப்புடி" என்று சட்டையைக் கழற்றினான்.

மார்ச் 10, திங்கள்

நாள் முழுக்கப் பழைய பெயின்ட் சுரண்டினோம். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. திருப்பூரில் நான்கு வருஷம் நூல் வெட்டிய கை.

மார்ச் 12, புதன்

அடிப்பலகைகளைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தோம். எல்லாம் டங் டங் என்றது. இருபது வருஷத்துப் பலகை, கல் மாதிரி. ரிஸ்வானுக்கே ஆச்சரியம். அணியத்துக்கு வந்ததும் சத்தம் மாறியது. பொத்.

முன்கட்டையில் அம்மா வைத்த குங்குமம் விரல் தடிமனுக்கு இறுகிப் போயிருந்தது. அதைச் சுரண்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். பிடிவரை இறங்கியது. இழுத்தேன். ஈரமாகத் தூள் வந்தது. மஞ்சள் நிறம். மோந்து பார்த்தேன். மஞ்சள் வாடை.

பிறகு உளியால் திறந்தோம். முன்கட்டை முழுக்க உள்ளே புட்டாகிக் கிடக்கிறது. வெளியே பெயின்ட் மட்டும்தான் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. கட்டையிலிருந்து பக்கப் பலகைகளின் முனை, அங்கிருந்து முதல் வங்கு, இரண்டாவது வங்கு. (வங்கு என்றால் படகின் விலா எலும்பு.) மஞ்சள் கறை எதுவரை போகிறதோ அதுவரை மரம் இல்லை. கறை நின்ற இடத்தில் உளி துள்ளுகிறது.

"மத்த எடமெல்லாம் இரும்பா இருக்கு, இங்க மட்டும் எப்புடிடா?" என்றான் ரிஸ்வான். "உப்புத்தண்ணி பட்ட மரம் ஊறுகா மாதிரிடா, கெடாது. நல்லதண்ணி பட்டாத்தான்..."

நிறுத்திவிட்டான். கூரையின் கால் ஓரமாக அம்மாவின் குடம் கவிழ்த்து வைத்திருந்தது. அவன் அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அப்புறம் இரண்டு பேரும் ஆணி துருப்பிடித்தது பற்றிப் பேசினோம்.

மார்ச் 13, வியாழன்

காலையிலேயே ரிஸ்வானிடம் சொன்னேன், மரத்தை மாற்ற வேண்டாம், மேலே ஃபைபர் பூசி மூடிவிடு என்று.

"அன்னைக்கு ஃபைபருன்னப்ப மொறச்ச."

"இப்பச் சொல்றேன், பூசு."

"ஈர மரத்துல ஒட்டாதுடா. ஒட்டுனாலும் உள்ள ஒன்னுமில்ல. பொணத்துக்குச் சட்ட தைக்கச் சொல்றியா? மொத அலைக்கு மூக்கு கழண்டு கையில வந்துரும்."

"பாத்தா தெரியாதுல்ல?"

"யாரு பாத்தா?"

நான் வீட்டுப் பக்கம் பார்த்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அறுத்துத்தான் எடுக்கணும்" என்றான். குரல் சின்னதாகிவிட்டது. "அம்மா நண்டு கம்பெனிக்குப் போன பெறகு அறுப்போம்."

அறுத்தோம். அப்பா தேர்ந்து வைத்த முன்கட்டை நாலு துண்டாக வந்தது. மஞ்சள் துண்டுகளையெல்லாம் சாக்கில் அள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேல முள்ளுக்குள் எறிந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

மறந்துவிட்டேன், இன்று வெள்ளி, வாராவாரம் அம்மா வத்தைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற நாள்.

அம்மா குடத்தோடு வந்து நின்றாள். அணியம் இருந்த இடத்தில் ஓட்டை. வாய் பிளந்த மீன் மாதிரி இருந்தது வத்தை.

"என்னடா ஆச்சு?"

"இத்துப் போச்சு ஆத்தா."

"எப்புடி?"

"மழ."

அம்மா மேலே பார்த்தாள். ஓலை ஓலையாக அவளே அடுக்கிய கூரை. ஒரு புள்ளி வெயில்கூட உள்ளே விழவில்லை.

"என் கூரைக்குள்ளயா மழ பெஞ்சுச்சு?"

"சாரல் அடிச்சிருக்கும். கார்த்திக மாசம் காத்து அடிக்கும்ல."

ரிஸ்வான் ரம்பத்துக்குப் பல் தீட்ட ஆரம்பித்தான். அந்த ரம்பத்துக்கு நேற்றுத்தான் தீட்டினோம்.

அம்மா குடத்தை இடுப்பு மாற்றினாள். மஞ்சள் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று தெரியாதவள்போல் நின்றாள். அப்புறம் குடத்தோடு வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு யார்மேலோ கடுங்கோபம். ஊருக்குக் குழாய் போடாதவன்மேல் என்று வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 15, சனி

அம்மா கம்பெனிக்குப் போகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் முள் கிழித்திருந்தது. விறகு பொறுக்கினாள் போல.

மார்ச் 18, செவ்வாய்

மரம் கிடைக்கவில்லை. முன்கட்டை நேர் மரத்தில் வராது. இயற்கையாகவே வளைந்த நாட்டுக்கருவேலம் வேண்டும், அடிமரம் வளைந்து மேலே போகிற இடத்தில் அறுத்து எடுத்தது. வளைத்துச் செய்தால் ஒரு வருஷத்தில் விட்டுப்போகும். இரண்டு நாளாக ரிஸ்வானின் வண்டியில் கண்மாய்க் கண்மாயாகச் சுற்றினோம். ஜில்லா முழுக்கச் சீமைக்கருவேலம். அதில் கரி சுடலாம், கட்சிக்காரன் குத்தகை எடுக்கலாம், படகு செய்ய முடியாது. நாட்டு மரம் ஒன்று பார்த்தோம், கோயில் மரமாம். கிளையைத் தொட்டதற்கே ஒரு ஆள் அரிவாளோடு வந்தான்.

திரும்பும் வழியில் செல்லச்சாமி டீக்கடையில் இருந்தார். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போடத் தேவை இல்லாதவர்.

"வத்தை வேல எப்புடிப் போகுது தம்பி?"

"போகுது."

"உங்கப்பன் நின்ன எடம் காலியாத்தான் கெடக்கு. உனக்கில்லாம யாருக்குக் குடுப்பேன்?"

"நிவாரணத்துக்கு ஒரு கையெழுத்துக் கேட்டோம்ல, அதக் குடுங்க மொதல்ல."

"ஏழு வருஷம் ஆகணும்ல தம்பி. ஒடம்பு கெடைக்கல. சட்டப்படி உங்கப்பன் உசுரோட இருக்கான்." டீயை ஆற்றினார். "நானும் அப்புடித்தான் நெனைக்கேன். சாத்தையா மாதிரி ஆளு லேசுல போவானா?"

ரிஸ்வான் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தான். வண்டியில் ஏறும்வரை விடவில்லை.

மார்ச் 21, வெள்ளி

தண்ணீர் லாரி வந்தது. அம்மா மூன்று குடம் பிடித்தாள். மூன்றும் வீட்டுக்கு.

நான் பின்கட்டில் பலகை முனைகளைச் சீவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை. நாலாவது குடம் வீட்டுப் பின்வாசலில் கவிழ்ந்து கிடக்கிறது. சாப்பிடும்போது என்ன ஆத்தா உடம்புக்கு முடியலையா என்றேன். நல்லாத்தான் இருக்கேன் என்றாள். ரசத்தில் உப்பே இல்லை. சொல்லவில்லை.

கைகழுவும்போது கேட்டாள். "கட்டை கெடைக்கலையாமே?"

"கெடைக்கல."

"அங்ஙன ஒன்னு கெடக்கு" என்று கழிமுகத்துப் பக்கம் கையைக் காட்டினாள். "அலையாத்திக் காட்டுக்கு உள்ள. உங்கப்பா பொதச்சு வச்சது. அடுத்த வத்தைக்குன்னு. நானும்தான் கூட உருட்டுனேன்."

"இத முன்னாடியே சொல்லக்கூடாதா? கண்மாயெல்லாம் சுத்தி வெட்டு வாங்கப் பாத்தோம்."

"அது அவரு கட்டை" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அங்கிருந்தே, "காலைல தண்ணி வத்திக் கெடக்கும். நான் வந்து காட்டுறேன்" என்றாள்.

மார்ச் 22, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

மூன்று பேரும் போனோம். கழி வற்றிச் சேறாகக் கிடந்தது. அம்மா சேற்று விளிம்பில் நின்றுவிட்டாள். நாங்கள் இறங்கினோம். முழங்கால் வரை சேறு. அடையாளம் ஒன்றும் இல்லை. அப்பா குச்சி நட்டிருந்தாராம், அது எப்போதோ போயிருக்கும்.

"எங்கன ஆத்தா?"

"இன்னும் கெழக்க."

போனோம். கம்பியால் குத்திப் பார்த்தோம். சேறு, சிப்பி, சேறு.

"எல போட்டுச் சாப்புடுற மாதிரி ஒக்காந்துதான் தேடணும் போல" என்றான் ரிஸ்வான். அவனுக்குத் தொடை வரை இறங்கிவிட்டது. "அம்மா, இவன் எடைக்கு மெதக்குறான், நான் புதையுறேன். புதையல் எடுக்க வந்து நானே புதையலாயிருவேன்."

அம்மா சிரித்தாள். நான் வந்ததிலிருந்து கேட்காத சத்தம். அப்புறம் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். விளிம்பில் கொஞ்ச நேரம் நின்றாள். சேற்றின் மேல் விரல் உயரத்துக்கு உப்புத் தண்ணீர் நின்றது. இறங்கினாள்.

நேராக ஒரு இடத்துக்கு நடந்தாள். பாதத்தால் துழாவினாள், இருட்டு அறையில் தீப்பெட்டி தேடுகிற மாதிரி. பக்கத்தில் நகர்ந்தாள். நின்றாள்.

"இந்தாருக்கு" என்றாள்.

தோண்டி வெளியே எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. கறுப்பாக, வழவழவென்று, திமிங்கிலக் குட்டி மாதிரி ஒரு கட்டை. அப்பா எங்கே பார்த்துப் பிடித்தாரோ, வத்தையின் மூக்குக்கு என்றே வளர்ந்த வளைவு. ரிஸ்வான் ஓரத்தில் வாய்ச்சியால் ஒரு செதில் சீவினான். உள்ளே சிவப்பாக, புதுசாக இருந்தது. இத்தனை வருஷம் உப்புச் சேற்றுக்குள் கிடந்த மரம்.

அம்மா அந்தச் சிவப்பைத் தொட்டுப் பார்த்தாள். விரலால் அழுத்திப் பார்த்தாள். நகம் இறங்கவில்லை.

"கெட்டியா இருக்கு" என்றாள்.

"இருக்கு ஆத்தா."

"கெடவே இல்ல."

நானும் ரிஸ்வானும் கட்டைக்குக் கயிறு கட்டினோம். அவள் கழியில் கால் கழுவிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மார்ச் 26, புதன்

கட்டை நிழலில் காய்கிறது. அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெடிக்கும் என்கிறான் ரிஸ்வான். அதற்குள் இரண்டு வங்கையும் பூவரசில் செய்து வைத்துவிட்டோம். முதல் வங்கை நான் தலைகீழாகச் செதுக்கிவிட்டேன். ஒரு நாள் வேலை வீண். ரிஸ்வான் அதைத் தொட்டில் கட்டலாம் என்று அவன் அக்காவுக்கு எடுத்துப்போனான்.

ஏப்ரல் 2, புதன்

நோன்புப் பெருநாள் முடிந்து ரிஸ்வான் இன்றுதான் வந்தான். தூக்குவாளி நிறையப் பிரியாணி. "ரசத்துக்குப் பதில் மரியாத" என்றான்.

முன்கட்டையை வைத்தோம். அறுபட்ட பலகை முனைகளைச் சாய்வாகச் சீவி, புதுப்பலகையையும் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்துச் செம்பு ஆணி அடித்தோம். முதலில் படியவில்லை. ஒரு தாள் இடைவெளி. சீவினோம். மறுபக்கம் இடைவெளி. இப்படியே பொழுது போய்விட்டது. ஒரு கட்டத்தில் உளியைத் தூக்கி எறிந்தேன். அம்மா கம்பெனியிலிருந்து வந்து அதை எடுத்துத் துடைத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் கடற்கரை வழியாக வந்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பஞ்சைத் திரித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அதில் நனைத்து, பலகை இடுக்குகளில் அடித்து இறக்குகிறோம். இதற்குக் கலப்பத்து என்று பெயர். தெரு முழுக்க வாடை. அம்மா பஞ்சு திரித்துக் கொடுக்கிறாள். என்னைவிட வேகம். என்னைவிடச் சீர்.

வேலையின் நடுவில், தலை நிமிராமல் கேட்டாள்.

"பழைய கட்டையத் தூக்கி ஏன்டா முள்ளுக்குள்ள போட்ட?"

"குப்ப தான?"

"விறகுக்கு ஆகும்னு ரெண்டு துண்டு எடுத்தேன். எரியல. பொகஞ்சுச்சு. மஞ்ச வாடை வந்துச்சு."

ரிஸ்வான் குங்கிலியச் சட்டியைக் கிண்டினான். நான் சுத்தியலால் கையில் அடித்துக்கொண்டேன்.

"மழன்னு சொன்ன" என்றாள் அம்மா.

"ஆமா."

"சரி" என்றாள். அடுத்த திரியை நீட்டினாள். "மழயாவே இருக்கட்டும்."

ஏப்ரல் 9, புதன்

வெள்ளிக்கிழமை இறக்குகிறோம். ஊர்த்தலைவரிடம் சொல்ல வேண்டும், அது முறை. சொன்னேன். செல்லச்சாமி தலையை ஆட்டினார்.

"நல்லது. தடைக்காலம் பூரா ஓட்டு. அப்பறம் பாத்துக்கலாம். மஞ்சத் தண்ணி யாரு ஊத்துறா?"

படகு இறக்கும்போது சுமங்கலி ஒருத்தி அணியத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

"எங்காத்தா."

அவர் என் தோளில் கை வைத்தார். "தம்பி, தப்பா எடுத்துக்காத. ஊருல ஒரு மாதிரி பேசுவாக. மூனு வருஷம் ஆச்சுல்ல. அவுக மனசு நோகக் கூடாதுன்னுதான் சொல்றேன். என் மருமகள அனுப்புறேன், அது வந்து ஊத்திட்டுப் போகட்டும்."

கையைத் தட்டிவிட்டேன்.

"டீக்கடையில சட்டப்படி உசுரோட இருக்காருன்னீக. இப்ப அவரு என்ன, செத்துட்டாரா? செத்துட்டாருன்னா எழுதிக் குடுங்க, நிவாரணம் வாங்கிக்கிறோம். உசுரோட இருக்காருன்னா எங்காத்தா ஊத்தட்டும். ரெண்டுல ஒன்னச் சொல்லுங்க."

"கோவப்படாத" என்றார், அதே மெதுவான குரலில். "முறையச் சொன்னேன்."

காசு கேட்டால் உயிரோடு இருக்கிறார், தண்ணீர் ஊற்றப் போனால் இறந்துவிட்டார். அப்பாவைச் செல்லச்சாமி இன்னும் கூலிக்கு வைத்திருக்கிறார், தேவைக்கு ஏற்ற மாதிரி.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். செல்லச்சாமியிடம் பேசியது எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது.

"அந்தப் புள்ளைய வரச்சொல்லு" என்றாள். "அதுக்கு என்ன பண்ணத் தெரியும், பாவம். நல்ல புள்ள."

"அப்ப நீ?"

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

இறக்கினோம்.

கூரையின் முன்பக்கத்தைப் பிரித்து வத்தையை வெளியே இழுத்தோம். இருபது பேர் கை கொடுத்தார்கள். என்னைத் திமிர் பிடித்தவன் என்றவர்களும் வந்தார்கள், அதையும் எழுத வேண்டும். அலை விளிம்பில் நிறுத்தினோம். செல்லச்சாமியின் மருமகள் செம்பில் மஞ்சள் தண்ணீரோடு நின்றது. சின்னப் பெண். செம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா வந்தாள். இடுப்பில் அதே குடம். வெறுங்குடம். கூட்டத்தில் சலசலப்பு. ஒரு கிழவர், "பூமயிலு, நீ தள்ளி நில்லு தாயி" என்றார். அவர் அதட்டவில்லை, கெஞ்சினார்.

அம்மா நிற்கவில்லை. வத்தையைத் தாண்டி, என்னைத் தாண்டி, அலைக்குள் நடந்தாள். கணுக்கால். முழங்கால். இடுப்பு. ஒரு அலை வந்து மார்பில் அடித்தது.  ரிஸ்வான் ஓட அடி எடுத்துவிட்டான்.

அவள் குனிந்து குடத்தை முக்கினாள். அது குமிழியிட்டு நிறைந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். சேலை உடம்போடு ஒட்டி, தலைமுடியில் நீர் சொட்ட, நேராக அணியத்துக்கு வந்தாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க அங்கே என்ன இருந்தது? மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை. முறை என்று சொல்ல முடியாது, முறை மீறல் என்றும் சொல்ல முடியாது. கடல் தண்ணீர்.

அப்பாவின் கறுப்புக் கட்டையின் தலையில் மெதுவாக ஊற்றினாள். கடைசிச் சொட்டுவரை.

"போய்ட்டு வா" என்றாள்.

என்னிடமா, வத்தையிடமா, தெரியவில்லை. முன்பெல்லாம் 'குளுந்து கெட' என்பாள்.

அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீயும் ஊத்து தாயி, கை வலிக்கப் போகுது" என்றாள். அது ஊற்றிவிட்டு அழுதது. செல்லச்சாமி வரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

தடைக்காலம் தொடங்கிவிட்டது. விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. கடல் அமைதியாக, யாரோ எழுந்து போன வீடு மாதிரி இருந்தது.

நானும் ரிஸ்வானும் போனோம். வத்தை சாயாமல் இருக்கக் காற்று வரும் பக்கம் ஒரு பலகையை நீட்டி, அதன்மேல் ஒருவன் ஏறி நின்று எடை கொடுக்க வேண்டும். பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு ரிஸ்வான் நின்றான். "என் தொப்பைக்கு இன்னைக்குத்தான் உத்தியோகம் கெடைச்சிருக்கு" என்றான். கலிமா சொன்னான். அப்புறம் வாந்தி எடுத்தான். தெற்கேயிருந்து வந்த சோழகக் காற்று பாயை நிறைத்தது. முன்கட்டை அலையைப் பிளந்தபோது நான் பாயைப் பார்க்கவில்லை, கடலைப் பார்க்கவில்லை. பலகையும் கட்டையும் சேரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிடித்து நின்றது.

ஒரு சாக்கு நண்டு. கொஞ்சம் இறால். போதும்.

அம்மா கரையில் நின்றாள், தண்ணீருக்குள், கணுக்கால் நனைய. நண்டைப் பார்க்கவில்லை. வத்தையின் விளிம்பைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு கை அளவு தண்ணீர் நின்றது.

"ஒழுகுதா?"

"புதுசுல கொஞ்சம் கசியும் ஆத்தா. மரம் ஊறுனா அடைச்சுக்கும்."

அவள் உள்ளே கையை விட்டு விரலை நனைத்தாள். வாயில் வைத்தாள். நானும் ரிஸ்வானும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"உப்புத்தான்" என்றாள்.

சேலை முனையில் கையைத் துடைத்துக்கொண்டு, சாக்கின் ஒரு காதைப் பிடித்தாள்.

"தூக்கு. நண்டு சாகுறதுக்குள்ள விக்கணும்."

இன்னொரு காதை நான் பிடித்தேன்.